தண்ணீர்ப் பந்தலில் மிஞ்சியது

தாப்பு என்ற பெயரை யாரும் ஆசையாக வைப்பதில்லை. அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்தால் நம்மூரில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, ராஜஸ்தானத்து மார்வாரில் அதற்குத் தாப்பு. பிறந்த வீட்டில் போதும் என்றார்கள். புகுந்த வீட்டில், புருஷன் கேவர்ராம் கிணற்று மோட்டாரில் ஷாக்கடித்துப் போன பிறகு, வாய்விட்டுச் சொல்லாமல் அதையேதான் சொன்னார்கள். ஜோத்பூரை அடுத்த மண்டோருக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் மாங்கிலாலின் வீட்டில், எருமைக்குத் தீவனம் அடுக்கும் அறையில் அவளுக்கு ஒரு மூலை கிடைத்தது. அறைக்குக் கதவு கிடையாது, ஒரு சாக்குத் திரைதான். யார் தீவனம் எடுக்க வந்தாலும் அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். தலை நரைக்கிற வரைக்கும் அப்படித்தான் தூங்கினாள், அதைத் தூக்கம் என்று சொல்ல முடியுமானால். அதனால் அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஓர் அறை இருக்கத்தான் செய்தது. ஜோத்பூரை விட்டு வெளியே, பாறைக் குன்றின் அடிவாரத்தில் யாத்ரீகர்களுக்கான ஒரு தர்மசாலை. அதன் கேட்டை ஒட்டிய தோட்டக்காரன் அறை பூட்டியே கிடந்தது. தோட்டக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள், ரோஜா வைத்தார்கள், புல்தரை போட்டார்கள், போனார்கள். ரோஜா பங்குனியிலேயே கருகியது. புல்தரை சித்திரையில் பழம்பாய் மாதிரிச் சுருண்டது. ஆழ்துளைக் கிணற்றில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீரை வாங்கி வாங்கி வெயிலுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாப்பு தர்மசாலைச் சமையலறைக்குக் காய்க்கூடை கொண்டுபோகிறவள். ஒருநாள் தர்மசாலைச் செயலாளர் ஜபர்சந்த் சேட் வாடிய ரோஜாப் பதியன்களுக்கு நடுவே நின்று யாரையோ வைதுகொண்டிருந்தபோது, கூடையை இறக்காமலே சொன்னாள்.

"இது ரோஜா வைக்கிற இடமில்ல சேட்ஜி."

"பின்னே என்ன வைக்கிற இடம்?"

"குன்றைப் பாருங்க. அங்க யாரு தண்ணி ஊத்துறா? எது நிக்குதோ அதை வைக்கணும்."

"கள்ளியும் முள்ளுமா? இங்க வர்றவன் சாமி கும்பிட வர்றான், ஆடு மேய்க்க வரல."

"ரோஹிடா மரம் பூத்து நின்னா சாமியையே மறந்துட்டுப் பாப்பான்."

ஜபர்சந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். மழைக்கு நட வேண்டும், அடுத்த கோடையைத் தாண்ட வேண்டும். நட்டது நின்றால் கேட் அறைச் சாவி அவள் கையில். நிற்கவில்லை என்றால் காய்க்கூடையோடுகூட இந்தப் பக்கம் வரக்கூடாது.

தாப்பு தோட்டக்கார சாதியில் பிறந்தவள், ஆனால் கோஸும் காரட்டும் போட்ட கை. குன்றின் செடிகளை அவள் படித்தது ஆடு மேய்த்த வயதில். புகை போடப் பிசின் தரும் குக்குல், ஆரஞ்சுப் பூ ரோஹிடா, கோந்து தரும் கும்மட், ஊறுகாய்க்குக் காய் தரும் கேர், இலைக்கள்ளி என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்தாள். எல்லாம் விரல் நீளக் கன்றுகள். வளர்ந்த கன்று வேண்டாம் என்றாள், பையிலேயே வேர் சுருண்டு கிடப்பது பாறையில் எங்கே இறங்கும்? கடப்பாரையோடு பாறை முழுக்கத் தட்டிக்கொண்டு திரிந்து, வெடிப்பு ஓடுகிற இடமாகப் பார்த்துக் குழி வெட்டினாள். மேற்குப் பக்கம் ஒரு கல், வேரின் தலையில் சாயங்கால வெயில் விழாமலிருக்க. சுற்றி முள்வேலி. பக்கத்தில் ஒரு மண்கலயம் புதைத்து, அதில் மட்டும் தண்ணீர்.

அந்தத் தண்ணீரையும் போகப் போகத் தள்ளிப் போட்டாள். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பனிக்காலம் போனபின் நினைத்தபோது. மேலே கிடைக்காத தண்ணீரைத் தேடித்தான் வேர் கீழே இறங்கும். இது சொல்ல எளிது. வைகாசி அனல்காற்றில் இலை உதிர்த்து நிற்கிற கன்றைப் பார்த்துக்கொண்டே கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊற்றாமல் போவதற்குக் கல்நெஞ்சு வேண்டும். தாப்புவுக்கு அது இருந்தது. அவளுக்கும் யாரும் ஊற்றி வளர்க்கவில்லையே.

அவளுக்கிருந்த ஒரே சிநேகிதி ரம்கு. கேட்டுக்கு வெளியே தர்மசாலையின் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர் கையில் செம்பால் ஊற்றுகிறவள். மூட்டுவலிக்காரி, வாய் ஓயாதவள், தங்கமான மனசு. மத்தியானத்தில் இருவரும் கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் பகிர்ந்துகொள்வார்கள். பந்தல் பானைகளில் ஒருநாள் தண்ணீர் மறுநாளைக்கு வைப்பதில்லை. காலையில் மிஞ்சியதைக் கீழே கொட்டுவதுமில்லை, அது பாவம். ஏதாவது ஒரு செடியின் காலடியில் ஊற்ற வேண்டும். ரம்கு அதுவரை ரோட்டோரத்து வேம்புக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கு ஊத்துறேன், கழுதைக்கு ஊத்துறேன், உன் பிள்ளைங்க மட்டும் வாயைப் பொளந்துட்டு நிக்குது. எப்படிடீ உனக்குச் சோறு இறங்குது?"

"அதுங்க தாகமா இருக்கணும்க்கா. இருந்தாத்தான் பொழைக்கும்."

"இதைத்தான் என் மாமியாரும் எனக்குச் சொன்னா," என்று ரம்கு ரொட்டியைப் பிட்டாள்.

வைகாசி பிறந்து சில நாளில் தாப்புவின் அம்மா இறந்துபோனாள். நாகோர் பக்கத்துப் பிறந்த ஊருக்குப் புறப்படும்போது தாப்பு பந்தலில் நின்று சொன்னாள்.

"ஆடு உள்ள வராம மட்டும் பாத்துக்கோ. தண்ணி ஊத்தாத. சொட்டுக்கூட வேண்டாம். செத்த மாதிரிதான் நிக்கும், சாகல."

"சரிடீ, போயிட்டு வா. அழாம இரு," என்றாள் ரம்கு. அவள் கவனித்ததெல்லாம் சிநேகிதியின் சிவந்த கண்ணைத்தான். சொன்னது காதில் விழுந்ததா என்பது சந்தேகம்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டுமே, தம்பிமார் அவளை லேசில் விடவில்லை. ஒரு மாதம் போல ஆயிற்று. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜபர்சந்த் கேட்டிலேயே எதிர்ப்பட்டார். முகமெல்லாம் பல்.

"வா தாப்புபாய், வா. உன் குச்சியெல்லாம் துளிர்த்து நிக்குது. வந்த யாத்ரீகரெல்லாம் கேக்குறாங்க. நான்கூட உன்மேல நம்பிக்கையில்லாம இருந்தேன், தப்புதான்."

குக்குல் மழைக்கு முன்னால் துளிர்க்காது. கொளுத்துகிற வெயிலில் அது பச்சை காட்டினால் அதை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். தாப்பு ஓடிப்போய் முதல் குழியில் விரலை விட்டாள். விரல் சேற்றில் இறங்கியது. தண்டின் அடி கொழகொழவென்று அழுங்கியது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. கள்ளி ஒன்று தொட்டதும் கையோடு வந்தது.

பந்தலில் ரம்கு இவளைப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போய்க் காட்டத் தயாராக எழுந்து நின்றாள்.

"பாத்தியா? தினமும் பந்தல்ல மிஞ்சினது அத்தனையும் அதுங்களுக்குத்தான். வேம்புக்கு ஒரு சொட்டு விடல. முட்டியைப் பிடிச்சுக்கிட்டுச் செம்பு செம்பா தூக்கினேன்."

"ஊத்தாதேன்னு சொன்னேனே அக்கா."

"நீ துக்கத்துல ஏதோ சொன்ன. நான் என்ன, குடிக்கிற தண்ணியையா ஊத்தினேன்? கீழ போற தண்ணிதானே."

"வேர் அழுகுது."

"இலை விட்டிருக்கு, நீ அழுகுதுங்கிற. என் கையால துளிர்த்துதுன்னு உனக்குப் பொறுக்கல. சொல்லிடு அப்படின்னு."

இந்த மாதிரி மனுஷியோடு சண்டை போட முடியாது. கெடுதல் செய்தவளாக இருந்தால் தலைமயிரைப் பிடித்திருப்பாள். இவள் நல்லது செய்திருக்கிறாள், வலிக்கிற காலோடு செய்திருக்கிறாள். தாப்பு செடிகளிடமே திரும்பிவிட்டாள். என்னைக் கேட்டால், அன்று அவள் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் செய்தது ஒவ்வொன்றும் அவளுக்கே எதிராகப் போயிற்று. மேலேயே தண்ணீர் கிடைத்ததும் வேரெல்லாம் மேலே வந்து படுத்துவிட்டிருந்தது. இனி ஊற்றினால் அழுகும், நிறுத்தினால் காயும். அவள் நிறுத்தினாள். மேற்குப் பக்கத்துக் கல்லைப் புரட்டி, குழியைக் காற்றாட விட்டாள். மூன்றாம் நாள் அனல்காற்று எழுந்தது. புதுத்துளிர் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கியது. ரோஹிடாக்கள் ஒரே பகலில் தலை தொங்கின.

ஜபர்சந்த் வந்து பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே அவர் நம்புவார். ரம்கு ஊற்றினாள், பச்சையாக இருந்தது. தாப்பு வந்தாள், நிறுத்தினாள், செத்தது.

"அழுகினது சேட்ஜி. நான் வர்றதுக்கு முன்னாலயே அழுகிப் போச்சு," என்று ஒரு குக்குலைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினாள். வேர் கறுத்து நாறியது.

சேட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "செத்தது நாறத்தானே செய்யும்."

"இல்ல சேட்ஜி, தண்ணி அதிகமாகி..."

"ஜோத்பூர்ல, இந்த வெயில்ல, தண்ணி அதிகமாகிச் செடி செத்துதுன்னு வெளியில போய்ச் சொல்லிப் பாரு."

ரம்குதான் குறுக்கே வந்தாள். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சேட்ஜி. அம்மாவைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கா. புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல, ஈரமே இல்லாமப் போச்சு அவளுக்கு. அவ என்ன பண்ணுவா?"

அந்தச் சொல் ஊரெல்லாம் போயிற்று. ஈரமில்லாதவள். தண்ணீர் பக்கத்தில் இருந்தும் பச்சைச் செடியை வாடவிட்டுக் கொன்றவள். அந்த ஊரில் ஒருத்தியைப் பற்றி இதைவிட மோசமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாங்கிலாலின் பெண்டாட்டிகூட எருமைக்குத் தண்ணீர் காட்டும் வேலையை இவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

கேட் அறையின் சாவி ரம்குவுக்குப் போயிற்று. அவள் கேட்கவில்லை, சேட்டாகத்தான் கூப்பிட்டுக் கொடுத்தார், கைராசிக்காரி என்று. ரம்குவுக்கு அடுத்த சந்தில் சொந்த வீடு இருக்கிறது. அறையில் அவள் மகன் பான் கடைச் சரக்கை இறக்கி வைத்துக்கொண்டான். தோட்டத்தில் மறுபடி ரோஜா வந்தது, லாரி வந்தது.

சேட்டின் பேச்சுப்படி தாப்பு அந்தக் கேட்டுக்குள் போவதில்லை. ஆனால் காய்ச்சந்தைக்கு வேறு வழி கிடையாது, பந்தலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனிக் கடைசியில் ஒருநாள், மேற்கே மேகம் கூடி இன்றோ நாளையோ என்று இருந்த சமயம், ரம்கு கூப்பிட்டு உட்காரவைத்துக் கையில் தண்ணீர் ஊற்றினாள். தாப்பு குடித்தாள்.

"மத்தியானத்துல வெயிலா இருந்தா வந்து ரூம்ல படுத்துக்கோடீ. சேட் கேட்டா நான் சொல்லிக்கிறேன். சரக்கு ஓரமாத்தான் இருக்கு. தாழ்ப்பாள் நல்லா விழுது."

தாப்பு ஈரக் கையை முக்காட்டு நுனியில் துடைத்தாள்.

"அப்புறம், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதோ மேல ஒண்ணு நிக்குது பாரு, என் முட்டிக்கு அங்க ஏற முடியல. காஞ்ச குச்சியாட்டம் நிக்குது. பாவமா இருக்கு. பையனை விட்டு ஊத்தச் சொல்லட்டுமா? பொழைக்குமா?"

தாப்பு நிமிர்ந்து பார்த்தாள். குன்றின் மேல்மடிப்பில், நல்ல வெடிப்பாகப் பார்த்து அவள் கடைசியாக வைத்த குக்குல். இலையில்லை. சாம்பல் நிறத் தோல் காகிதமாக உரிந்து காற்றில் ஆடியது. யாரும் தொடாத செடி அது ஒன்றுதான். அதன் வேர் இந்நேரம் எங்கேயோ ஆழத்தில் இருட்டில் ஈரத்தைக் கண்டுபிடித்திருக்கும். மழை விழட்டும், தானாகத் துளிர்க்கும். அது துளிர்த்தால் ஜபர்சந்துகூட நின்று யோசிப்பார்.

அது துளிர்த்தால் ரம்குவின் கைராசியைத்தான் சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நெஞ்செல்லாம் கசந்தது.

"ஊத்தச் சொல்லு," என்றாள். "காலையிலயும் ஊத்தச் சொல்லு, சாயங்காலமும் ஊத்தச் சொல்லு. நிறைய."

ரம்குவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. பாசமாக அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இந்தப் புத்தி அன்னைக்கே வந்திருந்தா, இந்த ரூம் இன்னைக்கு உனக்குத்தானேடீ."

தாப்பு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, சந்தைக்குப் போகிற ரோட்டில் இறங்கி நடந்தாள்.