சயாமுக்குப் போய் வந்த ரொட்டிக்கல்

ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், மலாயாவில் இரும்பு ஓர் இரவு தாங்காது. எண்ணெய் தடவி வைத்த ரொட்டிக்கல் விடிந்ததும் துருவேறிக் கிடக்கும். உத்தமபாளையம் சந்தையில் என் தகப்பனார் வாங்கித் தந்த கல் அது. எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் கழுவிச் சாய்த்துவைத்தால் மேற்குக் காற்றே காயவைத்துவிடும். அங்கே கேப்பை ரொட்டி சுட்ட கல்லில், ஜப்பான்காரன் வந்து அரிசி நின்றுபோன பிறகு இங்கே மரவள்ளி மாவைத் தட்டிப்போட்டேன்.

வடக்கே சயாம் தேசத்துக் காட்டில் ரயில் பாதை போட, ஜப்பான்காரர்கள் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் பெயரும் வந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. லாரி வந்து நின்றபோது அந்தக் கல்லை அவர் மூட்டைக்குள் திணித்தேன்.

"கிறுக்கி, நீயும் புள்ளையும் எதுல சுடுவீக?"

"நாங்க கெழங்க அவிச்சுத் தின்னுக்கிறோம். காட்டுல உங்களுக்கு யாரு சட்டி தரப்போறாக?"

சிரித்தார். அதற்குமேல் பேச லாரிக்காரன் விடவில்லை.

சண்டை முடிந்து கல் வந்தது, அவர் வரவில்லை. அவரோடு போயிருந்த போடிக்காரர் மொக்கைச்சாமி, காலில் ஆறாத புண்ணோடு கொண்டுவந்து கொடுத்தார்.

"வாந்திபேதி கண்டு அண்ணன வேற கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக, ஆத்தா. போறப்ப அண்ணன்தான் இத உங்கிட்டக் குடுக்கச் சொன்னாக."

"உசுரு போனதப் பாத்தீகளா?"

"பாக்கல."

பக்கத்துக் கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருக்கும் பாத்திமா, அடுப்பில் கல்லைக் கண்டதும் "சுடா பாலிக்?" என்றாள். திரும்பி வந்தாச்சா என்று அர்த்தம். கல்லைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "சுடா" என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே எட்டி அவரைத் தேடினாள். ஆளில்லாததைக் கண்டு திரும்பியவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

மொக்கைச்சாமி ஊர் திரும்பி விஷயத்தைச் சொல்ல, என்னையும் மகளையும் அழைத்துப்போக என் தம்பி கப்பலேறி வந்தான்.

"மச்சானுக்கு முல்லையாத்துல காரியம் முடிச்சாச்சுக்கா. நீயும் வந்து செய்ய வேண்டியதச் செஞ்சுரு."

"யாரும் பாக்காத சாவுக்கு எப்படிடா தாலிய அறுக்கிறது? நான் வந்துட்டா, அவுக இங்கன தேடி வந்தா யாரு கதவத் தொறப்பா?"

தம்பி தனியாகவே கப்பலேறினான்.

ஊரில் என்னைத் தாலியறுத்தவள் கணக்கில் சேர்த்தாயிற்று. நல்ல காரியங்களுக்கு என் பெயரை எடுப்பதில்லையாம். இங்கே நான் வெள்ளிக்கிழமைதோறும் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டு, ரப்பர் பால் வெட்டப் போகிறேன்.