ஏழாம் பூமியின் கமிஷனர்

டப்பிங் வசனம் எழுதுவது ஒரு விசித்திரமான தொழில்: நன்றாக எழுதினால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, சொதப்பினால் தெருவே தேடி வரும். அதிலும் நான் எழுதியது வெளிநாட்டு சூப்பர்ஹீரோ தொடர்களுக்கு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வாரத்தில் யார் எந்த உலகத்து ஆள் என்று புரியாமல் சேனலை மாற்றியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், எழுதியவனுக்கே புரியவில்லை.

கொஞ்சம் புரிந்தது என்றால், அது நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் டில்லிபாபு சொல்லிப் புரிந்தது. அவர் சொன்னவற்றில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பல வருடங்களாகச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பொய் என்று தள்ளவும் முடியவில்லை, உண்மை என்று நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கதாநாயகனை வீரன் என்றே வைத்துக்கொள்வோம்.

வழி கேட்டவர்

எங்கள் ஸ்டுடியோ ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே ஓடு அறுக்கும் மெஷின் நின்றால்தான் மேலே உலகத்தைக் காப்பாற்ற முடியும். ஒரு நாள் வந்த பகுதியில் வீரன் ஒரு நிலைக்கண்ணாடிக்குள் கையை விடுகிறான், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வீரன் வெளியே வருகிறான். அதே முகம், அதே மீசை. கேட்டால் ஏழாம் பூமியிலிருந்து வருகிறானாம். அங்கேயும் இதே ஊர், இதே ஆட்கள், ஆனால் வேறு வாழ்க்கை. இரண்டு வீரர்களுக்கும் குரல் கொடுப்பது ஒரே ஆள். இரண்டு பேரும் ஒரே அறையில் சண்டை வேறு போடுகிறார்கள்.

நம் வீடுகளில் பாதிப் பேர் டிவியைப் பார்ப்பதில்லை, சமையலறையிலிருந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு யார் பேசுவது என்று எப்படித் தெரியும்? யோசித்து யோசித்து, ஏழாம் பூமிக்காரனைக் கோயம்புத்தூர்த் தமிழ் பேச வைத்தேன். "உங்க பூமி அழியப் போகுதுங்க" என்று அவன் மரியாதையாக எச்சரித்தான். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறுவாரம் எங்கள் தெருவில் அயர்ன் வண்டி வைத்திருப்பவர் என் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: "சார், அந்த ஏழாம் பூமி ஈரோட்டுக்கு முன்னாடியே வந்துடுமா, தாண்டிப் போவணுமா?"

பங்காளிகள்

இந்தத் தொடர்களுக்கெல்லாம் மூலம் காமிக்ஸ் புத்தகங்கள். பல தலைமுறையாகப் பலர் எழுதி, ஒருவர் கொன்றவனை இன்னொருவர் எழுப்பி, முடிச்சை அவிழ்க்க முடியாமல் போனபோதெல்லாம் ஒரு புதிய பூமியைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்த கதைகள். எனக்கு வருவதோ அந்த வாரத்துப் பகுதி மட்டும். "அன்று பாலத்தில் நடந்தது நினைவிருக்கிறதா?" என்று ஒருவன் கேட்பான். எந்தப் பாலம், என்ன நடந்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

டில்லிபாபு சொல்வார். அவர் குடும்பத்துக்குச் செம்பாக்கம் ஏரிப் பக்கம் நிலம் இருந்தது. இப்போது நிலம் இருந்த இடத்தில் எட்டு போர்ஷன் இருக்கிறது. அதில் ஒன்றில் நான். மாடியில் அவருடைய இரும்பு பீரோவில் துணி கிடையாது, அத்தனையும் பழைய காமிக்ஸ். நான் சந்தேகத்தோடு படியேறினால், "வா வாத்தியாரே, இன்னா, யார் செத்தது?" என்பார். பாலத்தில் நடந்ததை, பக்கத்து வீட்டுப் பாகப்பிரிவினையைச் சொல்வதுபோல் சொல்வார். காபி கொண்டுவந்த அவர் மனைவி ஒரு முறை என்னிடம் சொன்னார்: "சொந்தச் சித்தப்பா பையன் கல்யாணத்துல, யார் இவன்னு என்கிட்ட கேட்டாரு. ஏழாம் பூமி ஆளுங்கன்னா மட்டும் மாமன் மச்சான் வரைக்கும் தெரியுது."

பத்து உலகம் அழிந்த நாள்

இரண்டாவது சீசன் முடிவில் பத்து பூமிகள் மோதி அழியும், நம்முடையதும் ஏழாவதும் மட்டும் தப்பும் என்று டில்லிபாபு முன்கூட்டியே சொல்லியிருந்தார். புத்தகத்தில் அது நூறு பக்கமாம். கடல் எழும்புமாம், சந்திரன் உடையுமாம். நான் பயந்துபோய் நாலு நாள் உட்கார்ந்து பெரிய பெரிய வசனங்களாக யோசித்து வைத்தேன்.

வந்த பகுதியைப் பார்த்தால், பத்து பூமியும் ஒரே தெரு. ஒன்றுக்கு நீல வெளிச்சம், ஒன்றுக்கு மஞ்சள் வெளிச்சம். மோதல் நடப்பது ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில். வீரன் மேலே நிமிர்ந்து, "சந்திரன் உடைந்துவிட்டது" என்று நமக்குச் சொல்கிறான். நாம் நம்ப வேண்டும். எங்கள் சவுண்ட் இன்ஜினியர் ஜான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், பிரபஞ்சமே அழியுது, ஆனா எதிரொலி மட்டும் கார் பார்க்கிங்தான் சார்."

கமிஷனர் சாகிறார்

இனி மல்லிகாவைச் சொல்ல வேண்டும். தொடரில் நகரத்து போலீஸ் கமிஷனர் ஒரு பெண். வீரனையே கை கட்டி நிற்க வைக்கிறவர். அவருக்குக் குரல் மல்லிகா. கானத்தூர்ப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண், நாற்பது வயதுக்கு மேல். அக்கா மீன் விற்கிறார். மைக்குக்கு வெளியே "இன்னா சார், டீ சொல்ட்டியா?" என்பவர், சிவப்பு விளக்கு எரிந்ததும், "முகமூடி அணிந்தவன் நீதி வழங்க இது உன் வீட்டு முற்றமல்ல" என்பார். எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். உள்ளதைச் சொல்கிறேன், கமிஷனருக்கு நல்ல வசனமாகக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதினேன்.

எங்கள் தொழிலில் குரல் கொடுப்பவர்களிடம் கதை சொல்லும் வழக்கமில்லை. வருவார்கள், மைக் முன்னால் தாளைப் பார்ப்பார்கள், படத்தில் உதடு அசையும்போது பேசுவார்கள். இரண்டாவது சீசன் முடியும் தறுவாயில் ஒரு நாள், மல்லிகா நாலாவது பக்கத்தைப் புரட்டியபோது கமிஷனர் குண்டு பட்டுக் கிடந்தார். ஒரு நொடி தாளைப் பார்த்தார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு முதல் டேக்கிலேயே செத்துப்போனார், அவ்வளவு சுத்தமாக. வெளியே வந்து என்னிடம் கேட்டது இது: "ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக்கூடாதா சார்? நான் சாவறத நானே படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?"

மூன்று கேள்விகள்

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. டில்லிபாபுவிடம் ஓடினேன். அவர் கவலையே படவில்லை. "ஏழாம் பூமில ஒரு கமிஷனர் கீறாங்களே வாத்தியாரே. இங்க செத்த சந்தடி அடங்கினதும் அந்த அம்மா இங்க வருவாங்க. நான் படிச்சுகீறேன்." நான் அதை மல்லிகாவிடம் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நான் ஏன் சொன்னேன்? அவருக்காகவா, இல்லை அந்தக் குரலுக்கு இன்னும் எழுத வேண்டும் என்ற என் ஆசைக்காகவா? இன்றும் தெரியவில்லை.

அப்போது மேடவாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மல்லிகாவை அழைத்திருந்தார்கள். மைக்கில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிடும் வேலை. நிரந்தரம். ஆனால் சேர்ந்தால் பகலில் ஸ்டுடியோ பக்கம் வர முடியாது. இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். மல்லிகா நேராக டில்லிபாபு வீட்டு மாடிக்கே வந்துவிட்டார். பீரோவை ஒரு தரம் பார்த்தார். "அண்ணா, அந்தக் கமிஷனர் நிச்சயமா வருவாங்களா?" "வருவாங்கம்மா." "அதே மூஞ்சியா?" "அதே மூஞ்சி, அதே யூனிபார்ம்." "கொஞ்ச நாள் இருப்பாங்களா, வந்தவுடனே செத்துருவாங்களா?" "கடைசி வரைக்கும் இருப்பாங்க." இப்படி மூன்றே கேள்விதான். மல்லிகா படியிறங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்: "வேற ஆளப் பாத்துக்கோங்க சார், எனக்கு டூட்டி கீது."

கூட்டத்தில் ஒருத்தி

கமிஷனர் வரும்வரை மல்லிகா கூட்டக் குரல் கொடுத்தார். ஊரே ஓடும் காட்சியில் நாலு பேரை நிற்க வைத்து நாற்பது பேராக்குவோம். "ஐயோ", "அதோ வர்றான்", "என் குழந்தை" என்று மாற்றி மாற்றிக் கத்த வேண்டும். மூன்றாவது சீசன் முழுக்க, நாலாவதிலும் அவர் ஓடினார். கட்டடம் இடிந்தால் ஓடினார், வெள்ளம் வந்தால் ஓடினார். ஒரு தரம் எதற்கு ஓடுகிறோம் என்று ஜானிடம் கேட்டார், ஜானுக்கும் தெரியவில்லை.

புதிய கமிஷனராக ஒரு ஆண் வந்திருந்தான். அவனுக்கு நான் எழுதிய வசனங்களில் உயிரே இல்லை. அது மல்லிகாவுக்கும் தெரிந்திருக்கும். ஒரு பதிவு முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "நான் கமிஷனரா இருந்தப்ப இந்தக் கூட்டத்துக்கு இப்படி ஒரு பேஜார் வந்துதா, சொல்லு சார்?"

வந்தார்

நாலாவது சீசனின் கடைசிக்கு முந்தைய பகுதி. காலையில் படம் வந்தது. பாதியில் நிலைக்கண்ணாடி கலங்கியது, ஒரு பூட்ஸ் கால் வெளியே வந்தது. அதே முகம், அதே யூனிபார்ம். நான் மீதியைப் பார்க்கவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு மல்லிகாவுக்குப் போன் செய்தேன். சோழிங்கநல்லூரில் ஒரு பஸ், மேடவாக்கத்தில் ஒரு பஸ் மாறி, மதியத்துக்குள் வந்துவிட்டார். பட்டுப்புடவை. கையில் எல்லோருக்கும் நெத்திலி வறுவல்.

அவர் வருவதற்குள் நான் மீதியைப் பார்த்திருந்தேன். ஏழாம் பூமியில் ஒரு சர்வாதிகாரி எல்லோருடைய குரலையும் பறித்துவிட்டானாம். அங்கிருந்து வந்த கமிஷனர் கையால்தான் பேசுகிறார். சொல்வது திரையின் கீழே எழுத்தாக ஓடுகிறது. அந்த எழுத்தை நான் எழுத வேண்டும். யாரும் அதைப் பேச வேண்டியதில்லை.

மல்லிகா தாளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். திருப்பி ஒரு முறை படித்தார். சண்டைக் காட்சியில் கமிஷனர் மூச்சிரைக்கிறார், ஒரு இடத்தில் இருமுகிறார். அதற்கு மூல ஒலியையே விட்டுவிடலாம் என்று ஜான் மெதுவாகச் சொன்னார். மல்லிகா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்: "இல்ல ஜானு, வந்துட்டேன்ல, மூச்சையாவது குடுத்துட்டுப் போறேன்."

கடைசி வரைக்கும்

டில்லிபாபு சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை. கமிஷனர் வந்தார், அதே முகம், கடைசி வரைக்கும் இருந்தார். அந்தக் கடைசி அடுத்த பகுதியிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான். தொடரை நிறுத்திவிட்டார்கள். கமிஷனருக்குக் குரல் திரும்பியதா என்பதை எழுத ஆளில்லை. ஆஸ்பத்திரியில் வேறு ஒரு பெண் பெயர் கூப்பிடுகிறாள். மல்லிகா பள்ளிக்கரணையில் அக்காவோடு மீன் விற்கிறார். போனால் எனக்கு நல்ல வஞ்சிரமாகப் பார்த்துக் கொடுக்கிறார், ஒரு குறையும் சொல்வதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அங்கே கூடையைத் தூக்கிவிட்ட ஒரு கிழவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு வெலை சொன்னா எவனும் பேரம் பேச மாட்டான் சார், போலீஸு மாதிரி சொல்லுது."

புத்தகத்திலும் ஏழாம் பூமி கமிஷனருக்குக் குரல் இல்லையா, தொடர்காரர்கள் மாற்றிவிட்டார்களா என்று இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் தேடவில்லை. தொடர்காரர்கள் மாற்றியிருந்தால் யார் மேலும் குற்றமில்லை. புத்தகத்திலேயே அப்படித்தான் என்றால், டில்லிபாபு தெரிந்தே சொல்லாமல் விட்டாரா, அல்லது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாரா? வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரரைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வருடங்களை ஓட்டினேன். ஆக, அடுத்தவர் உதட்டைப் பார்த்தே இருபது வருடம் பிழைத்த நான், மல்லிகா அந்த மாடிக்கு வந்த அன்றே நாலாவதாக எடுத்துக்கொடுத்திருக்க வேண்டிய கேள்வியை, போன ஞாயிற்றுக்கிழமைதான் படியேறிப் போய்க் கேட்டேன்: "டில்லி சார், நீங்க படிச்ச புத்தகத்துல அந்த ஏழாம் பூமி கமிஷனர் ஒரு வார்த்தையாவது பேசினாங்களா?"