ரேகை விழாத விரல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதனால் பயிற்சி மையத்துக்காரர் நல்ல செய்தி என்றால் நேரில் வந்து டீ குடித்துக்கொண்டே சொல்லுவார், கெட்ட செய்தி என்றால் போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அன்று போன்தான் வந்தது.

"மேடம், நீங்க அனுப்புன பிக்கட்டி எஸ்டேட் அக்காவுக்கு மெஷின்ல கைரேகையே விழ மாட்டேங்குதுங்க. இந்த வாரத்துக்குள்ள வருகை ஏறலைன்னா பேர் தானா கேன்சல் ஆயிருமுங்க."

எங்களுடையது ஊட்டி காந்தலில் ஒரு மாடி அறைக்குள் அடங்கிவிடும் தொண்டு நிறுவனம். அரசாங்கம் இலவசமாகத் தொழிற்பயிற்சி தருகிறது. ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் ஆள் வேண்டும். தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிறவர்களுக்கு வேலை வேண்டும். இந்த மூன்று தரப்பும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. அவர்களைக் கோத்துவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. இவ்வளவுதானா என்று கேட்பவர்கள், மரம் விழுந்து பஸ் நின்ற ஒரு நாளில் வந்து செய்து பார்க்கட்டும்.

அந்த அக்கா கொழுந்து பறிப்பவர். அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். ஒற்றைக் கூலியில் எத்தனை நாள் இழுப்பாய், அவளையும் கொழுந்துக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் இந்தப் பயிற்சியை முடித்தால் ஊட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை உறுதி. அந்தச் சம்பளம் வந்தால் மகள் காலேஜ் போகலாம், வராவிட்டால் கூடையை மாட்ட வேண்டியதுதான். அதற்காகத்தான் எஸ்டேட்டில் சம்பளமில்லாத லீவு சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்னால் எழுந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்.

மறுநாளே போய்ப் பார்த்தேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. கோடு இருந்த இடத்தில் கறையும் வெடிப்பும்தான். எலுமிச்சம்பழம் தேய்த்தோம், தேங்காய் எண்ணெய் தடவினோம், வெந்நீரில் ஊற வைத்தோம். அடம்பிடிக்கிற குழந்தையைப் போல மெஷின் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கைக் காட்டியது. ஆதார் மையத்துக்குப் போய்ப் புதுசாக ரேகை எடுக்கச் சொன்னால் அங்கேயும் அதே கதை.

பயிற்சித் திட்டத்தின் கோயம்புத்தூர் ஆபீசுக்கு போன் போட்டேன்.

"விரல் இல்லாதவங்களுக்கு விதிவிலக்கு இருக்குங்க மேடம்."

"பத்து விரலும் இருக்குதுங்களே!"

"அப்ப இவங்களுக்குப் பொருந்தாதுங்க."

"அப்படீன்னா வெட்டிட்டு வரச் சொல்லட்டுமாங்க?"

போனை வைத்துவிட்டார்கள். விடுவேனா நான்? அடுத்த நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தேன். என் குரலைக் கேட்டாலே எதிர்முனையில் இருந்த பெண் பெருமூச்சு விட்டாள், பாவம். "உங்க அதிகாரியை ஒரு தடவை மலையேறி வந்து கண்ணால பார்க்கச் சொல்லுங்க" என்பதைத் தவிர நான் வேறெதுவும் பேசவில்லை. என் தொல்லை தாங்காமல்தான் வந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வாரம் முடியப்போகிற நேரத்தில், பயிற்சி மையத்து வாசலில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். மெஷினில் கோளாறு இல்லை என்று நிரூபிக்க முதலில் தன் கட்டைவிரலையே வைத்தார். காலைக் குளிரில் விரைத்துப்போன விரல், சிவப்புதான் எரிந்தது. ஸ்வெட்டரில் துடைத்தார், வாயால் ஊதினார், டீ கிளாஸைப் பிடித்துச் சூடேற்றினார். அப்புறம்தான் பச்சை வந்தது. சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்காவும் டீ கிளாஸைப் பிடித்துவிட்டு வைத்துப் பார்த்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

அதிகாரி கெட்டவர் இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். "அம்மா, உங்க பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிடுச்சில்ல? உங்களுக்குப் பதிலா அதையே இந்த சீட்ல சேர்த்துடலாம். சின்னப் பொண்ணு விரல், மெஷின் உடனே எடுத்துக்கும். வேலையும் அதுக்கே கிடைச்சுடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். "நீ சும்மா இரு தங்கச்சி" என்று அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்புறம் அதிகாரியை நேராகப் பார்த்தார்.

"எடுத்துக்கும்தாங்க ஐயா. அவ விரல் நல்லா இருக்கு. அது அப்படியே இருக்கணும், அவ படிக்கணும்னுதான் நான் இங்க வந்து நிக்கிறேன்."

அதிகாரி குல்லாவைக் கழற்றினார். பிறகு ஆபீசுக்கு போன் போட்டு, கண்ணைப் பார்த்துப் பதிகிற கருவி ஒன்றை அனுப்பச் சொன்னார். "அதுவரைக்கும் கையெழுத்து போதும். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

அதிகாரிக்கு நன்றி சொல்லச் சொல்லலாம் என்று அக்காவைத் தேடினேன். அவர் அங்கே இல்லை. வகுப்பு ஆரம்பித்துவிட்டதென்று உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.