அப்பாவின் நீலப் பூ

மனைவி ஊறுகாய்க்குக் கருஞ்சீரகம் வறுக்கிற வாசனை வந்தாலே, அப்பாவின் கொலம்பைன் பூச்செடி பற்றிய குழப்பம் எனக்குத் தொடங்கிவிடும்.

எழுபதுகளில் ஊட்டியிலிருந்து அந்தக் குளிர்நாட்டு நீலப்பூவின் விதை வாங்கிவந்தார். விதைக்குமுன் சில வாரம் குளிரில் வைப்பது முறை. திருவண்ணாமலை வெயிலுக்கு அந்த முறை தெரியாது. அதனால், ஃபிரிட்ஜ் வைத்திருந்த பக்கத்து வீட்டு மும்தாஜ் அத்தையிடம் கொடுத்தார். திரும்பி வந்ததை விதைத்தோம், வெளிர்நீலமாகப் பூத்தது. அப்பா தெருவையே அழைத்துக் காட்டினார்.

அத்தை அம்மாவிடம் கிசுகிசுத்தாள்: “ஃபிரிட்ஜ்ல என் கருஞ்சீரகமும் இருந்துச்சுக்கா. ரெண்டும் ஒரே கறுப்பு. கருஞ்சீரகமும் நீலமாத்தான் பூக்குமாம். எதைக் குடுத்தேனோ! இந்த வருஷம் ஊறுகா வேற கசப்பு ஜாஸ்தி.”

“அவரு காதுல போட்டுடாதே, உடைஞ்சிடுவாரு” என்றாள் அம்மா.

கொலம்பைன் வளர்த்தவராகவே அப்பா போய்ச்சேர்ந்தார். அந்தச் செடியிலிருந்து அவர் சேர்த்த விதை இன்னும் ஒரு டப்பாவில் இருக்கிறது.

“இதுலேர்ந்தும் கொஞ்சம் போடட்டுமா?” என்று மனைவி அதை எடுத்தாள்.

வாணலியில் போட்டால் எந்த விதை என்று வாசனையே சொல்லிவிடும். டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தேன்.