புது நெல்லுக்கு ஆடிய ஆட்டம்

காட்டுக்குள் மூங்கில் இடிக்கும் சத்தத்தைக் கேட்டு, கம்யூனிஸ்டுகள் ஒருவருக்கொருவர் சேதி அனுப்புகிறார்கள் என்று நம்பினேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ராணுவம் வேட்டையாடிய அவசரகாலம் அது. பாயா ரும்புட்டுக்கு அப்பால், காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தபோது ‘தொம், தொம்’ என்று கேட்டது. நாற்பது வயது தாண்டிய ஆள், பால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தேன்.

“வாளியப் பாத்து குண்டு திரும்பிப் போயிருமா? எந்திரிங்கலா,” என்றாள் மனைவி.

அந்த மானக்கேட்டைத் துடைக்கத்தான் காவல் கொட்டகைக்கு ஓடினேன். “நூறு பேர் இருக்காங்க,” என்றேன், எண்ணிவிட்டு வந்தவன் மாதிரி. ராணுவ லாரி வந்தது. வழிகாட்ட என்னையே முன்னால் ஏற்றினார்கள்.

போய்ப் பார்த்தால் முப்பது பேர். தெமுவான் பழங்குடிகள். தலையில் ஓலைப் பின்னல் கட்டிய பெண்கள் வட்டமாக ஆடிவர, இரண்டு பேர் மூங்கில் குழாய்களை மரக்கட்டைமேல் இடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புது நெல் குவியல். துப்பாக்கிகளைக் கண்டதும் சத்தம் நின்றது.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பெத்தாய் என்ற காட்டுக்காயைக் கொண்டுவந்து உப்பு வாங்கிப்போகிறவர் முன்னால் வந்தார். பழக்கத்தில் தமிழ் பேசுவார்.

“என்னா அண்ணே, சோல்ஜர்லாம் கூட்டியாந்துட்டே?”

“நீங்க என்னா பண்றீங்க?”

“நெல்லுக்கு ஆடுறோம்லா. ஆடுனாதான் நெல்லோட உசிரு வீட்டுக்கு வரும். அதுக்கு முந்தி தின்னா அடுத்த வருசம் முளைக்காது. புள்ளைங்க காலையிலேருந்து பட்டினி. கொஞ்ச நேரம் விடச் சொல்லு, அண்ணே.”

லாரியில் வந்த ராணுவச் சார்ஜனிடம் மலாயில் சொன்னேன். அவர் ஆட்களை எண்ணினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“நூறு பேருன்னு சொன்னியே. மிச்சம் எழுபது பேரு எங்கே? இந்த நெல்லு யாருக்கு?”

பயத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். பொய்த் தகவல் கொடுத்தால் உள்ளே தள்ளுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெத்தாய்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாரிச் சக்கரத்தைப் பார்த்தேன். அதில் சேறு ஒட்டியிருந்தது.

காட்டில் ஒளிந்திருக்கும் எழுபது பேருக்கான தீனி என்று முடிவு செய்து, நெல்லை மூட்டை கட்டி ஏற்றினார்கள். மறுநாள் அந்த முப்பது பேரையும் லாரியில் ஏற்றி, காட்டுப் பக்கம் போகாதபடி அடைத்துவைக்கும் கம்பிவேலிக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டம் முடியவில்லை. அந்த அறுவடையில் ஒரு பிடிகூட அவர்கள் சாப்பிடவில்லை.