ராயப்பன்பட்டி: திராட்சைத் தோட்டமும் நான் போனில் நடத்திய பாடமும்

சுருளி அருவிக்கு வழி தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை அருவியும் இல்லை, மலையும் இல்லை. போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனது செலினுக்காக. மதுரை ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறையில் என்னோடு மல்லுக்கு நின்றவள், இப்போது ராயப்பன்பட்டியில் திராட்சை போடுகிறாள். "சாமி அபராதம் போட்டிருக்காக கலா. நீ வந்தாத்தான் தீரும்" என்று வியாழக்கிழமை போன் செய்தாள். வேறெதுவும் சொல்லவில்லை. சாமி என்று யாரோ ஆபீசர், மருந்து அடித்ததில் ஏதோ சிக்கல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவளைக் கூப்பிடுகிறாளே, அப்படித்தானே இருக்கும்?

காலை 6.10க்கு ஆரப்பாளையத்தில் பஸ். தேனி 76 கிலோமீட்டர், எழுபது ரூபாய், 8.20க்கு இறக்கிவிட்டார்கள். தேனி பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் தேட வேண்டாம். கம்பம் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலைப் பிடித்தால் சின்னமனூர் தாண்டியும் மேகமலை கூடவே வரும். நான் வலது பக்கம் உட்கார்ந்து ஒரு மூட்டை வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

உத்தமபாளையத்தில் இறங்கி ஆட்டோ. நூற்றைம்பது கேட்டார், கொடுத்தேன். "செலினக்கா வீடா?" என்றார் டிரைவர் பாய். "அருளண்ணன் தவறுனதுல இருந்து அந்தக்கா தோட்டத்துப் பக்கமே போறதில்லைம்மா. அண்ணன் தம்பிகதான் பாக்குறாக." எனக்குச் சுருக்கென்றது.

அருளப்பன் அவள் கணவர். இறந்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் பேர்கள் மறந்தன, அப்புறம் நடை தடுமாறியது, நான்கே மாதத்தில் முடிந்துவிட்டது. சிஜேடி என்றார்கள் டாக்டர்கள். ப்ரியான் நோய்களில் ஒன்று: மூளையில் எல்லாருக்கும் இருக்கிற ஒரு புரதம் தப்பாக மடங்கிக்கொண்டு, பக்கத்துப் புரதங்களையும் அப்படியே மடக்கிவிடும். மருந்து கிடையாது. அது என்ன நோய் என்று அவர் இறந்த கையோடு செலின் போனில் கேட்டாள். அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத வாய் பாடம் நடத்தியது. அந்தப் புரதம் செம்பைப் பிடித்துக்கொள்ளும், மாங்கனீசும் அதில் சம்பந்தப்படும், உலோகங்களுக்கு என்ன பங்கு என்று இன்னும் ஆராய்கிறார்கள் என்றெல்லாம் அரை மணி நேரம் அளந்தேன்.

வீட்டில் சாப்பாடு போட்டாள், கருவாட்டுக் குழம்பு. அதன் பிறகுதான் விஷயம் வந்தது. சாமி என்றால் அவர்கள் பங்குச் சாமியார். அபராதம் என்றால், தன் பாவத்தை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுக்கு அவர் கொடுக்கிற பரிகாரம். ஜெபம் சொல்லச் சொல்வார்களாம். இவளுக்கு மட்டும், "சொன்ன டீச்சரை நேர்ல வச்சுக் கேளு, அதான் உனக்கு அபராதம்" என்றிருக்கிறார்.

"அவருகிட்ட என்னடி சொன்னே?"

"நாந்தான் அவுகளைக் கொன்னேன்னு."

திராட்சைக் கொடிக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். மயில்துத்தம் என்பது செம்பின் உப்புதான். டிரம்மில் கலக்குவது செலின், அடிப்பது அவர். கலவை சரியா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். "ஒரு நாள் மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கத்தி பாக்காமலே டிரம்மைக் குடுத்துட்டேன். அந்த வருஷந்தான் அவுகளுக்கு மறதி வந்துச்சு. நீ செம்புன்னு சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கத்தியில படியிற மாதிரி அவுக மூளையில படிஞ்சிருச்சு."

எட்டு மாதமாக என் பாடத்தைச் சுமந்திருக்கிறாள் இவள். அவசரப்படாமல் சொன்னேன். அந்தப் புரதம் செம்பைப் பிடித்துக்கொள்வது நோய் இல்லை, நல்லா இருக்கிற மூளையிலும் அது அப்படித்தான். நோய் வந்த மூளைகளில் அந்தப் புரதத்தில் செம்பு குறைந்து மாங்கனீசு கூடியிருந்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள். அது நோயின் காரணமா, நோய் செய்த வேலையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

"முடிவாகலைன்னா, நானா இருக்கலாமுல்ல?"

வக்கீலே தோற்றுப்போவார் இவளிடம். "இந்த நோய் பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு வருதுடி. திராட்சைக் கொடியையே பாக்காத ஊர்லயும் அதே கணக்குதான். துத்தம் அடிச்சு இது வந்துச்சுன்னு யாரும் காட்டுனதில்ல. பெரும்பாலும் ஏன் வருதுன்னே தெரியாது, தானா வரும். அதோட, கலக்குனது நீ. கை நீலமா நின்னது உனக்குத்தானே?"

"அதான் எனக்கும் வரும்னு காத்திருக்கேன்" என்றாள். "தினமும் காலையில ஊசியில நூல் கோத்துப் பாக்குறேன். கை ஆடுதான்னு."

அடி பாவி. கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "நான் அன்னிக்குப் பாதி பாடம்தான் நடத்துனேன். மீதியை இன்னிக்குச் சொல்றேன், கேளு. நீ அவரைக் கொல்லல." நாலு தரம் சொன்ன பிறகு தலையை ஆட்டினாள். சாயங்காலம் தோட்டம் வரை நடந்தோம். பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கியது. உள்ளே போகாமல் வேலி ஓரமே நின்றாள். நான் வற்புறுத்தவில்லை.

போகிறவர்களுக்கு: ஊருக்குள் போகும் பஸ்களை நம்பாமல் உத்தமபாளையத்தில் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். திரும்பிவர ஆறு மணிக்குள் கிளம்பினால் மதுரைக்குப் பத்துக்குள் வந்துவிடலாம். தோட்டத்தில் நிறுத்திப் பழம் கேட்டால் தருவார்கள், ஆனால் மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டு, கழுவிச் சாப்பிடுங்கள். படித்தவர்களுக்குத் தனியாக ஒன்று: துக்க வீட்டுக்குப் போனில் விளக்கம் சொல்லாதீர்கள், பஸ் ஏறிப் போங்கள்.

போன ஞாயிறு செலின் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது, பதறிவிட்டேன்.

"ஒண்ணுமில்லடி. நேத்து பூரா அழுதேன்" என்றாள். "கொன்னவ எப்படி அழுகுறதுன்னு இத்தனை நாளும் அழுகலை. நேத்துத்தான் அவுக பொண்டாட்டியா அழுதேன்."