ஸ்டெதஸ்கோப்பின் வலது காது

"என் காதுக்குத் தெரியாம இந்த ரூம்ல ஒரு சர்வர் இருமக்கூட முடியாது. எமனே வந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் ஒயரைத் தொடணும்!"

இந்தப் பிரகடனம் ஒரு பேருந்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், ஊழியர் கூட்டத்தின் நடுவே, கையில் காகிதக் கோப்பைத் தேநீருடன் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் அந்த நிறுவனத்தின் கணினிச் சர்வர் அறைப் பொறுப்பாளர். ஓடும் சர்வரின் இரும்பு முகத்தில் வலது காதை வைத்து, கண்ணை மூடி, புருவத்தை நெரித்து நோய் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்ததால், அலுவலகம் முழுவதும் அவரை ஸ்டெதஸ்கோப் என்றே அழைத்தது. அந்தப் பெயர் தமக்குப் பிடிக்கவில்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார். யாராவது அந்தப் பெயரைச் சொல்லாமல் கூப்பிட்டால் மட்டும் முகம் வாடிவிடும்.

பிரகடனத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. முன்பொருமுறை, தகவல் சேமிக்கும் டிஸ்க் ஒன்று 'டிக் டிக்' என்று முனகியதைக் கேட்டு, அது சாவதற்குமுன் கழற்றி மாற்றியிருந்தார். சம்பவம் நடந்தது ஒரே தடவைதான். சொல்லப்பட்டதோ ஒவ்வொரு கூட்டத்திலும். சொல்லச் சொல்ல அந்த டிஸ்க்கும் வளர்ந்துகொண்டே போய், கடைசியில் நிறுவனத்தின் எல்லாப் பேருந்துகளும் அதன்மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன என்கிற அளவுக்கு வந்து நின்றது.

மற்ற ஊழியர்கள் எல்லாரும் ஹாலில் உட்கார, ஸ்டெதஸ்கோப் மட்டும் தமது மேசையைச் சர்வர் அறைக்குள்ளேயே போட்டிருந்தார். கண்ணாடிக் கதவு, இரண்டு வரிசை இரும்பு அடுக்குகள், எலும்பைத் தொடும் குளிர், நூற்றுக்கணக்கான குட்டி விசிறிகள் ஒன்றாகச் சேர்ந்து போடும் ஓயாத இரைச்சல். உள்ளே போகிறவர்கள் தலைவலியோடு வெளியே வருவார்கள். அவரோ, "டாக்டர் வார்டுலதானே இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்காக அதற்குள் தவம் இருந்தார்.

சர்வர் அறைக்கு அடுத்த அறையில் கணக்காளர் இருந்தார். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கத்துக் குளிரும் இரைச்சலும் தாராளமாக அந்தப் பக்கம் போய்க் குடியிருந்ததால், கணக்காளர் வருடம் பூராவும் ஒரே பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையில் காட்சி தந்தார். எனவே அவருக்குச் சுவெட்டர் என்று பெயர். இருவரும் நண்பர்கள், அதாவது ஒருவரை ஒருவர் மதிக்கும் வழக்கம் இல்லாதவர்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது புதிய மேலாளர் அம்மா வந்து சேர்ந்தார்.

"சர்வருக்கெல்லாம் ஒரு கண்காணிப்பு மென்பொருள் போட்டுடலாம் சார். விசிறி வேகம், சூடு, கரண்ட், டிஸ்க், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். ஏதாவது தப்புன்னா போனுக்குச் சேதி அனுப்பும்."

"அது சேதி எழுதி முடிக்கறதுக்குள்ள நான் கழட்டி மாட்டி, கையும் கழுவிட்டிருப்பேன் மேடம்."

"அப்படியா? சரி, பள்ளிக்கூட லீவுக்கு முன்பதிவு திறக்கற வரைக்கும் ரெண்டும் இருக்கட்டும். உங்க காது முந்துச்சுன்னா மென்பொருளைத் தூக்கிடலாம். அது முந்துச்சுன்னா..." மேலாளர் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். "உங்க மேசையை ஹாலுக்குக் கொண்டுவந்துடலாம். மனுஷர் இருக்கற இடமா சார் இது?"

மேசையை ஹாலில் போடுவதா! டாக்டரை வார்டிலிருந்து வெளியேற்றி, வரவேற்பறையில் பேப்பர் படிக்க உட்காரவைப்பதா! அதைவிடக் கொடுமை, அந்த மென்பொருளை நிறுவ வேண்டியவரும் ஸ்டெதஸ்கோப்தான். தூக்கில் தொங்கப் போகிறவரிடமே கயிறு திரிக்கும் வேலையையும் ஒப்படைத்த மாதிரி.

ஆனாலும் மனிதர் வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு நிரலை ஏற்றினார். உள்ளே சூட்டையும் வேகத்தையும் அளக்கும் உணரிகளிடம் அது நலம் விசாரித்து, ஒரே திரையில் கொண்டுவந்து கொட்டும். ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு கோடு. நன்றாக ஓடினால் கோடு நேராகப் போகும், தடுமாறினால் கோடும் தடுமாறும். திரை முழுக்கக் கோடுகள் பச்சையாக ஓடியபோது, எதிரி என்பதையும் மறந்து ஒரு கணம் ரசித்துவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

முதல் நாளே மென்பொருள் தன் புத்தியைக் காட்டியது. பெருக்க வந்த அம்மா கதவைத் திறந்தால் சேதி, மூடினால் சேதி. மேலாளர் அம்மாவின் போன் ஒரு முக்கியமான கூட்டத்தில் விடாமல் கத்தியது.

"என்ன சார் இது, பல்லு முளைக்கற குழந்தை மாதிரி எதுக்கெடுத்தாலும் அழுவுது? எந்த அளவுக்கு மேல போனா சொல்லணும்னு நீங்களே பாத்து வைங்க."

இப்படி ஒரு பொறுப்பை இப்படி ஒருவரிடம் கொடுத்திருக்கக் கூடாது. விசிறி ஏறக்குறைய நின்றே போனால்தான் வாயைத் திறக்கலாம் என்று வைத்தார். சர்வர்மேல் தோசைக்கல்லை வைக்கலாம் என்கிற சூடு வந்தால்தான் குரல் கொடுக்கலாம் என்று வைத்தார். அப்போதும் உடனே கத்தாமல், சற்றுப் பொறுத்து, யோசித்து, இன்னொரு தடவை சரிபார்த்துச் சொல்ல வேண்டும். எதிராளியின் காலைக் கட்டி, வாயையும் கட்டி, "ஓடலாமா?" என்று கேட்கும் நேர்மையான போட்டி அது.

வீட்டில் வேறு ஒரு விவகாரம் நடந்துகொண்டிருந்தது. சில மாதங்களாக டிவியின் சத்தம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வசதியாகக் கேட்கும்படி இருந்தது.

"என்னங்க, ஒருதடவை காதைக் காட்டிட்டு வாங்களேன்" என்பாள் மனைவி.

"என் காதையா? யார்கிட்ட பேசற? நீ வாய்க்குள்ளயே முணுமுணுத்தா எனக்கு எப்படிக் கேக்கும்?"

"நான் முணுமுணுக்கறேனா! நான் கூப்பிட்டா தெருக்கோடியில ஆட்டோ நிக்குது!"

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கோ கீச்சுக் குரல். அவள் வெகு சீக்கிரத்திலேயே ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பாவின் வலது பக்கம் நின்று எதைக் கேட்டாலும் "ம்" என்ற பதிலே வரும். "அப்பா, பூனை வளக்கலாமா?" "ம்." மறுநாள் வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. "இதுக்கு யாரு சம்மதம் கொடுத்தது?" என்று அவர் குதித்தபோது, குழந்தை விரலை அவர் பக்கம் நீட்டியது. தாயும் ஆமாம் என்று சாட்சி சொன்னாள். வழக்கு அத்தோடு முடிந்தது.

ஆனால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்துக் கதைகளை இப்போதெல்லாம் அப்பாவிடம் சொல்வதில்லை. "சிரிக்கற இடத்துலயும் 'ம்'ங்கறாரும்மா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. இது அவருக்குத் தெரியாது.

முன்பதிவு திறக்க இரண்டே நாள் இருக்கையில், சுவெட்டர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"யோவ் ஸ்டெத், உனக்கு மனசாட்சியே கிடையாதா? அந்தச் சனியனை எப்பய்யா மாத்தப் போற?"

"எந்தச் சனியனை?"

"நடிக்காத. வாரத் தொடக்கத்துலேருந்து கீச்சு கீச்சுன்னு கத்துதே! கூட்டலைக் கழித்தல்னு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். மகாராசா காதுக்குத் தெரியாமயா இருக்கும், ஏதோ காரணமாத்தான் விட்டு வச்சிருக்கான்னு நானும் பல்லைக் கடிச்சிக்கிட்டிருக்கேன்."

ஸ்டெதஸ்கோப் எழுந்தார். அடுக்குகளின் வரிசையில் நடந்தார். விசிறிகளின் கனமான இரைச்சல் கேட்டது. கீச்சு எதுவும் கேட்கவில்லை.

"எங்கேன்னு காட்டு பாப்போம்" என்றார், தேர்வு நடத்துகிறவரின் தோரணையில்.

சுவெட்டர் நேராகப் போய்ப் பயணச்சீட்டு சர்வரின்மேல் கையை வைத்தார். "இதுதான். காதைக் கிழிக்குது."

ஸ்டெதஸ்கோப் குனிந்து தமது புகழ்பெற்ற வலது காதை அந்த இரும்பில் வைத்தார். கண்ணை மூடினார். புருவத்தை நெரித்தார். கன்னத்தில் அதிர்வு தெரிந்தது. காதில் ஒன்றுமே விழவில்லை.

சுவெட்டருக்கு முதுகைக் காட்டியபடியே மேசைக்கு வந்து திரையைத் திறந்தார். பயணச்சீட்டு சர்வரின் நாலாவது விசிறிக்கான கோடு வாரத் தொடக்கத்திலிருந்தே குடிகாரன் நடை நடந்துகொண்டிருந்தது. மென்பொருளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சொல்லக் கூடாது என்று அவர்தான் வாயைக் கட்டியிருந்தார்.

விசிறியை மாற்ற ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கழற்றியதைக் கையில் சுழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த தாங்குருளை தேய்ந்து, விரல் நுனியில் நறநறத்தது. முன்பதிவு நாளின் நெரிசலில் இது நின்றிருந்தால் சர்வர் கொதித்துப் படுத்திருக்கும். சுவெட்டர், "அப்பாடா! காதுன்னா அது காது!" என்று காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, செய்தியை அலுவலகம் முழுக்கப் பரப்பப் போய்விட்டார். மகாராசாவின் காது எதையுமே கேட்கவில்லை என்கிற சின்ன விவரம் மட்டும் அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் காது மருத்துவரிடம் போனார். பெட்டி மாதிரி ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் சிலமுறை உற்சாகமாக அழுத்தினார். பிறகு ஒரே அமைதி. சரி, அடுத்த சோதனைக்கு ஏதோ தயார் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று பொறுமையாகக் காத்திருந்தார். கதவு திறந்தது.

"முடிஞ்சுதுங்க, வாங்க."

"என்னங்க, மிச்சத்தை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

சோதித்த பெண் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அதிலும் ஒரு கோடு. தொடக்கத்தில் நேராகப் போய், கீச்சு ஒலிகள் வரும் இடத்தில் படிக்கட்டில் உருண்டது மாதிரி விழுந்திருந்தது. வலது காதின் கோடு இன்னும் ஆழமாக விழுந்திருந்தது. கோடு படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எத்தனை வருஷமா இரைச்சல்ல வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

"இரைச்சல் இல்லைங்க. அதுங்க பேசறது."

"பேசிப் பேசியே உங்க காதைத் தின்னுடுச்சு. கனமான சத்தம் கேக்கும். கீச்சுக் குரல், குழந்தைங்க பேச்சு, அதெல்லாம்தான் முதல்ல போகும். இடது காது பரவாயில்லை. அதையாவது காப்பாத்தணும்னா அந்த ரூமை விட்டு வெளிய வாங்க."

குழந்தைங்க பேச்சு. வீட்டுக்கு வந்து, பூனையை மடியில் வைத்திருந்த மகளின் அருகே, தமது இடது காது அவள் பக்கம் இருக்கும்படி, சென்று உட்கார்ந்தார்.

"உங்க ஸ்கூல்ல இன்னைக்கு என்ன கூத்து?"

அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு, எதற்கும் சோதித்துப் பார்க்கலாம் என்று, "இன்னொரு பூனை வாங்கலாமா?" என்றாள்.

"கூடாது" என்றார் அப்பா.

குழந்தை ஏமாந்தது, ஆனால் சிரித்துவிட்டது.

மறுநாள் காலை மேலாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"சுவெட்டர் சார் சொன்னார். மென்பொருள் மூச்சுகூட விடல, நீங்க விசிறியையே மாத்திட்டீங்களாம்! நீங்க ஜெயிச்சுட்டீங்க சார். அதைத் தூக்கிடலாம்."

ஸ்டெதஸ்கோப், "பாத்துக்கறேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாள் முழுக்கத் தமது அறையில் எதையோ செய்துகொண்டிருந்தார். கட்டிவைத்த அளவுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். விசிறி லேசாகத் தடுமாறினாலே சொல்லலாம், உடனே சொல்லலாம், யோசிக்க வேண்டாம். கதவு திறப்பதற்கெல்லாம் அழ வேண்டாம். சேதி வந்தால் போன் மணி அடிப்பதோடு சட்டைப் பையில் அதிரவும் வேண்டும்.

முன்பதிவு திறந்த காலை, மேலாளர் அம்மா ஹாலுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். ஜன்னல் ஓரத்தில், எல்லோருக்கும் நடுவில், ஸ்டெதஸ்கோப்பின் மேசை கிடந்தது. அதன்மேல் திரை, திரை நிறையப் பச்சைக் கோடுகள். சர்வர் அறை பூட்டியிருந்தது.

மேலாளர் அவருடைய வலது பக்கமாக வந்து நின்று, மெல்லக் கேட்டார். "என்ன சார் இது? போட்டியில ஜெயிச்சது நீங்கதானே?"

ஸ்டெதஸ்கோப் திரையிலிருந்து திரும்பி, மேலாளரின் உதடுகளைப் பார்த்தார். பிறகு தமது இடது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைத் தட்டிக் காட்டினார்.

"இந்தப் பக்கமா வந்து உக்காந்து சொல்லுங்க மேடம்."